பல்லின் நிறமும் பல்லின் நலமும்

எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஏழு குடும்பப் படங்கள் மாட்டப்பட்டிருந்தன. அம்மாவின் திருமணப் படம் தொடங்கி 2019இல் நடந்த எனது பட்டமளிப்பு விழாப் படம்வரை அவற்றுள் அடக்கம். ஏழு படங்களிலும் அம்மா இருக்கிறார். ஒன்றில்கூட அவர் பல் தெரியச் சிரிக்கவில்லை. திருமணப் படத்தில் உதடுகளை இறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளையைப் பிடிக்கலயா?" என்று உறவினர்கள் கேலி செய்வார்களாம். அம்மா அதற்கும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்திருக்கிறார்.

அம்மா 1965இல் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். சிறு வயதில் அவருக்கு அடிக்கடி காய்ச்சலும் சளியும் வருமாம். தோட்டத்து டிரெசர் ஒரு போத்தல் மருந்து கொடுப்பார். பாட்டி அதைத் தவறாமல் ஊட்டிவிடுவார். பால் பற்கள் விழுந்து நிலையான பற்கள் முளைத்தபோது அவை சாம்பல் நிறத்தில், குறுக்கே பழுப்புக் கோடுகளுடன் முளைத்தன. பள்ளியில் பிள்ளைகள் அம்மாவுக்கு வைத்த பட்டப்பெயர் 'கரிப்பல்லு'. பிள்ளை சரியாகப் பல் விளக்கவில்லை என்று எண்ணிய பாட்டி, அடுப்புக்கரியையும் உப்பையும் கலந்து ஈறில் இரத்தம் வரும்வரை தேய்த்துவிட்டாராம். இரத்தம் வந்ததே ஒழிய நிறம் போகவில்லை.

பல்லை வெண்மையாக்குவது பட்டதாரிகள் பேச வேண்டிய பொருளா என்று சிலர் கேட்கலாம். மொழி, கல்வி, பொருளாதாரம் என்று எழுத எத்தனையோ இருக்கும்போது இந்த ஆண்டிதழின் பக்கங்களை இதற்கு ஏன் வீணாக்க வேண்டும் என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனால், பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது நமது விடுதி அறைகளில் அதிகம் பேசப்படுவது எது என்பதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கி வாடகை, படப்பிடிப்புக் கூடம், சேலை, சிகை ஆகியவற்றோடு பல்லின் நிறமும் அந்தப் பட்டியலில் எப்போதோ சேர்ந்துவிட்டது. நாம் பேசாவிட்டால், விற்பவர்கள் மட்டுமே இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

எழுபத்தொன்பது ரிங்கிட் பாடம்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிறரைக் குறை கூறுவதற்குமுன் அதுதான் முறை.

பட்டமளிப்பு விழாவுக்கு மூன்று வாரங்களுக்குமுன் இணையத்தில் ஒரு பெட்டி வாங்கினேன். விலை 79 ரிங்கிட். உள்ளே மூன்று ஊசிக்குழல்களில் பசைபோன்ற மருந்து, வாயில் கடித்துக்கொள்ள ஓர் இரப்பர்த் தட்டு, நீல ஒளி வீசும் சிறு விளக்கு ஆகியவை இருந்தன. மருந்தில் என்ன கலந்திருக்கிறது, எத்தனை விழுக்காடு என்று பெட்டியின் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. நான்காண்டுகள் அறிவியல் படித்த நான் அதைக் கவனித்தேன், கவனித்தும் பொருட்படுத்தவில்லை. இருபது நிமிடம் வைத்தால் போதும் என்றிருந்தது. சீக்கிரம் வெளுக்கட்டும் என்று ஒரு மணி நேரம் வைத்தேன்.

இரப்பர்த் தட்டு எவர் வாய்க்கும் பொருந்தும் என்றார்கள். எவர் வாய்க்கும் பொருந்துவது என்றால் எவருக்கும் சரியாகப் பொருந்தாதது என்பது பிறகுதான் புரிந்தது. மருந்து வழிந்து ஈறில் பட்டு, பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வெந்துபோனது. நான்கு நாள்கள் ஐஸ் நீரோ சூடான தேநீரோ குடிக்க முடியவில்லை. மூச்சை வாய்வழி இழுத்தால்கூடப் பல் கூசியது.

அதைவிடப் பெரிய வேடிக்கை கண்ணாடியில் காத்திருந்தது. இடைநிலைப் பள்ளியில் வலைப்பந்து விளையாடும்போது விழுந்து என் முன்பல்லின் ஒரு மூலை உடைந்துவிட்டது. அதைப் பல் நிற அடைப்பால் சரி செய்திருந்தார்கள். அந்த அடைப்பு இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இப்போது சுற்றியிருந்த பற்கள் ஓரளவு வெளுத்துவிட, அடைப்பு மட்டும் பழைய நிறத்தில் மஞ்சள் புள்ளியாக நடுவில் நின்றது. வெளுக்கும் மருந்து இயற்கைப் பல்லில்தான் வேலை செய்யும். அடைப்பிலும் செயற்கை உறையிலும் செய்யாது. இந்த எளிய செய்தியை எனக்கு விற்றவர் சொல்லவில்லை. நானும் எவரிடமும் கேட்கவில்லை.

விழுந்தடித்துக்கொண்டு ஒரு பல் மருத்துவரிடம் ஓடினேன். அவர் தமிழ்ப் பெண்மணி. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எந்தப் பல்லுல ஓட்டை இருக்கு, எதுல அடைப்பு இருக்குன்னு பார்க்காமலேயே மருந்தப் போட்டுட்டியாம்மா?" என்று கேட்டார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் எனக்குத் தெரியாமலேயே ஒரு சொத்தை இருந்தது. முன்பல் அடைப்பை உடனே மாற்றித் தரும்படி கெஞ்சினேன். "இப்ப முடியாது. ரெண்டு வாரம் போகட்டும்" என்றார். வெளுத்த உடனே பல்லுக்குள் ஆக்சிஜன் தங்கியிருக்குமாம்; அப்போது புதிய அடைப்பு சரியாக ஒட்டாதாம். இரண்டு வாரம் கழித்து, விழாவுக்குச் சில நாள்களே இருந்த நிலையில் அடைப்பை மாற்றிக்கொண்டேன். எழுபத்தொன்பது ரிங்கிட்டை மிச்சம் பிடிக்கப் போய் அதைப்போல் பல மடங்கு செலவானது. ஈறு பட்ட பாடு தனிக் கணக்கு.

பல் ஏன் மஞ்சளாகிறது?

பல்லின் வெளிப்புறத்தில் இருக்கும் எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயல்பாகவே இளமஞ்சள் நிறம் கொண்டது. நாம் காணும் பல்லின் நிறம் இரண்டும் சேர்ந்து தருவது. வயது ஏற ஏற எனாமல் தேய்கிறது; டென்டின் தடித்து நிறம் கூடுகிறது. ஆகவே, சற்று மஞ்சளான பல் நோயுற்ற பல் அன்று. பளிச்சென்று வெண்மையாக இருக்கும் பல்லின் உள்ளே சொத்தை இருக்கவும் கூடும். நிறம் வேறு, நலம் வேறு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி, கறை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தேநீர், காப்பி, வெற்றிலை பாக்கு, சிகரெட் ஆகியவற்றால் வரும் கறை பெரும்பாலும் பல்லின் மேற்பரப்பிலும், அதில் படிந்த காரையிலும் தங்குகிறது. பல் மருத்துவரிடம் காரை எடுத்துப் பல்லைத் துலக்கிக்கொண்டாலே அது போய்விடும். நம்மில் பலருக்கு வேண்டியது இவ்வளவுதான். நாளைக்கு மூன்று முறை தே தாரிக் குடிக்கும் மாணவருக்கு வெளுக்கும் மருந்து தேவையா, காரை எடுப்பதே போதுமா என்பதைச் சோதிக்காமல் சொல்ல முடியாது.

இன்னொரு வகைக் கறை பல்லின் உள்ளேயே ஊறியது. சிறு வயதில் அளவுக்கு மீறி ஃபுளோரைடு உட்கொண்டால் பல்லில் வெண்திட்டுகளோ பழுப்புத் திட்டுகளோ தோன்றும். அடிபட்ட பல்லின் உள்ளே நரம்பும் இரத்த நாளமும் செத்துப்போனால் அந்த ஒரு பல் மட்டும் கறுத்துவரும். ஒற்றைப் பல் கறுத்தால் அது அழகுக் குறை மட்டுமன்று. உள்ளே கிருமித் தொற்று இருக்கலாம் என்ற எச்சரிக்கை. அதற்கு ஊடுகதிர்ப் படமும், தேவைப்பட்டால் வேர் சிகிச்சையும் வேண்டும். அதன்மேல் வெளுக்கும் பசையைப் பூசுவது, தீ எச்சரிக்கை மணி ஒலிக்கும்போது மணியைத் துணியால் சுற்றுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள் அதைக் கொடுத்தால் அது கால்சியத்தோடு பிணைந்து பல்லுக்குள்ளேயே பதிந்துவிடும். மஞ்சளாகத் தொடங்கி, வெளிச்சம் படப்படச் சாம்பலாகவும் பழுப்பாகவும் மாறும். இப்போது அந்த வயதுக் குழந்தைகளுக்கு அதைக் கொடுப்பதைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். 1960களில் அது பரவலாகப் புழங்கிய மருந்து. அம்மா குடித்த போத்தல் மருந்து எது என்பதற்கு எங்களிடம் சீட்டு ஏதும் இல்லை. ஆனால், அம்மாவின் பற்களைப் பார்த்த மாத்திரத்தில் மருத்துவர் சொன்னது இதைத்தான். அம்மாவுக்கு அப்போது வயது 57. அத்தனை ஆண்டுகளும் தாம் பல் விளக்காததன் தண்டனை என்றே எண்ணியிருந்தார்.

வீடா, கிளினிக்கா?

பல் வெண்மையாக்கல் குறித்து நமது மாணவர்களிடையே நடக்கும் வாதம் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. கிளினிக் என்றால் பாதுகாப்பு, ஆனால் விலை அதிகம். வீடு என்றால் மலிவு, ஆனால் ஆபத்து என்று இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறோம். இந்தப் பிரிவே தவறு என்பது என் கருத்து.

இரண்டிலும் வேலை செய்வது ஒரே வேதிப்பொருள்தான். ஹைட்ரஜன் பெராக்சைடு எனாமலின் வழியே உள்ளே சென்று, நிறம் தரும் மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றம் செய்து உடைக்கிறது. கிளினிக்கில் பொதுவாக 25 முதல் 40 விழுக்காடுவரை செறிவுள்ள மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். ஈறில் படாதிருக்க முன்கூட்டியே ஒரு தடுப்புப் பூச்சு போட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிக்கிறார்கள். அங்கே காட்டப்படும் நீல விளக்கு பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும்; நாளடைவில் நிற்கும் பலனில் விளக்குக்குப் பெரிய பங்கில்லை என்பதே பல ஆய்வுகளின் முடிவு. சிகிச்சை முடிந்த கையோடு பல் வறண்டிருப்பதாலும் கூடுதல் வெண்மையாகத் தெரியும். சில நாள்களில் அது சற்றுக் குறையும். 'ஒரே மணி நேரத்தில்' என்று விளம்பரம் செய்யும் கிளினிக்குகள் இதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

வீட்டில் செய்யும் முறையில் கார்பமைடு பெராக்சைடு பயன்படுகிறது. அதில் 10 விழுக்காடு என்பது ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். இந்த முறை பிறந்த கதையே சுவையானது. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவர், ஈறு புண் ஆறுவதற்காக நோயாளிகளுக்கு இந்த மருந்தை இரவில் பல்தட்டில் இட்டு அணியச் சொன்னார். ஈறு ஆறியதோடு பல்லும் வெளுத்திருப்பதைக் கண்டார். பின்னர் 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு பல் மருத்துவர்கள் இதை முறைப்படி ஆய்விதழில் எழுதிய பிறகு உலகெங்கும் பரவியது. ஆக, வீட்டில் வெளுத்துக்கொள்ளும் முறையைக் கண்டுபிடித்ததும் பல் மருத்துவர்களே. வாயைச் சோதித்து, பல்லுக்கு அளவெடுத்துத் தட்டுச் செய்து, எத்தனை நாள், எவ்வளவு மருந்து என்று சொல்லி அனுப்பும்போது, வீட்டு முறை மெதுவானது என்றாலும் நம்பகமானது. தற்காலிகமாகப் பல் கூசுவதும் ஈறு எரிவதும் இதிலும் வரலாம். வந்தால் யாரைக் கேட்பது என்பது தெரிந்திருக்கும்.

எனவே, வீடா கிளினிக்கா என்று கேட்பதைவிட, தொடங்குமுன் நம் வாயைத் திறந்து பார்த்தவர் யார் என்று கேட்க வேண்டும். நான் வாங்கிய பெட்டி வீட்டில் செய்வது என்பதால் கெட்டதாகவில்லை. என் வாயைப் பார்க்காத ஒருவர், உள்ளடக்கம் எழுதாத ஒரு மருந்தை எனக்கு விற்றதால்தான் கெட்டது.

சமையலறை வைத்தியம் பற்றியும் ஒரு சொல். எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் கலந்து தேய்க்கும் காணொளியை உங்களுக்கும் யாராவது புலனத்தில் அனுப்பியிருப்பார்கள். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு 2க்கும் 3க்கும் இடைப்பட்டது, எனாமலோ 5.5ஐ ஒட்டிய அளவிலேயே கரையத் தொடங்குகிறது. கரைந்து தேய்ந்துபோன எனாமல் மீண்டும் வளராது. எனாமல் மெலிய மெலிய உள்ளிருக்கும் மஞ்சள் டென்டின்தான் கூடுதலாகத் தெரியும். வெளுக்கச் செய்த வேலை மஞ்சளில் போய் முடியும்.

கரியின் கதையும் அப்படித்தான். பாட்டி அம்மாவின் பல்லில் தேய்த்த அதே கரி, இன்று கறுப்புப் பற்பசையாக அழகான பெட்டியில் பேரங்காடிக்கு வந்திருக்கிறது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017இல் வெளிவந்த ஒரு மறுஆய்வு, கரிப் பற்பசை பாதுகாப்பானது என்பதற்கும் பலனளிக்கும் என்பதற்கும் போதிய சான்றில்லை என்றே முடிக்கிறது. பாட்டியாவது அறியாமையால் செய்தார்.

சட்டம் இருக்கிறது, நாம் கேட்கிறோமா?

அழகு நிலையத்திலோ, பேரங்காடியின் நடைபாதைக் கடையிலோ, விடுதி அறையிலோ பல் வெளுத்துவிடுவதாகச் சொல்பவர்களிடம் நமது மாணவிகள் செல்வதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சிலர் பல்லில் கம்பி மாட்டிவிடுவதுவரை துணிந்துவிட்டார்கள். மலேசியாவில் பல் மருத்துவத் தொழிலைப் பதிவுபெற்றவர்கள்தாம் செய்யலாம். 1971ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்கு மாற்றாக வந்த 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. பதிவு பெறாமல் தனியார் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு, 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார நிலையங்கள் சட்டப்படி 300,000 ரிங்கிட்வரை அபராதமோ, 6 ஆண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல், 0.1 விழுக்காட்டுக்கு மேல் 6 விழுக்காடுவரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள வெளுப்புப் பொருள்களைப் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்க முடியும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

சட்டம் தாளில் இருந்தால் போதாது. நாம் கேட்க வேண்டும். "உங்கள் தொழிற்சான்றிதழைப் பார்க்கலாமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று. முறையான மருத்துவர் அதை ஆண்டுதோறும் புதுப்பித்துச் சுவரில் மாட்டியிருப்பார். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடியும் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலைதான். கைப்பேசி வாங்கப் பத்துக் கடை விசாரிக்கும் நாம் வாயைத் திறந்து காட்டுவதற்குமுன் ஒரு பெயரைச் சரிபார்க்கக் கூடாதா?

பணம் இல்லாத மாணவன் எங்கே போவான் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அரசு பல் மருத்துவ கிளினிக்குகளில் மிகக் குறைந்த கட்டணத்தில் பல்லைச் சோதித்துக் காரை எடுத்துக்கொள்ளலாம்; சொத்தை அடைத்துக்கொள்ளலாம். 1972இல் தொடங்கப்பட்ட மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலம் உள்ளிட்ட கற்பிக்கும் நிலையங்களும் நோயாளிகளைப் பார்க்கின்றன. காத்திருக்க வேண்டிவரும், ஆனால், முறையான கை நம் வாயைப் பார்க்கும். அதற்குப் பிறகும் வெண்மை வேண்டும் என்று தோன்றினால் பணம் சேர்த்துச் செய்துகொள்வதில் தவறேதும் இல்லை. சோதனை முதலில், சொத்தையும் ஈறும் அடுத்து, வெண்மை கடைசி. இந்த வரிசையை மாற்றினால் என் கதைதான் உங்களுக்கும்.

எத்தனை வெண்மை வேண்டும்?

இதுவரை எழுதியதை மருத்துவர்களே இன்னும் நன்றாக எழுதுவார்கள். நமக்குள் பேச வேண்டியது இனிமேல்தான்.

கிளினிக்குகளில் பல்லின் நிறத்தைப் பதினாறு மாதிரிப் பற்கள் கொண்ட ஓர் அட்டவணையோடு ஒப்பிடுவார்கள். என் பல்லை அதனோடு ஒப்பிட்டுவிட்டு மருத்துவர், "இதுக்கு என்ன குறை? உன் வயசுக்கு நல்ல நிறம்தானே" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் மனத்தில் இருந்த வெண்மை அந்தப் பதினாறில் எதிலுமே இல்லை. அது திரைப்பட நடிகையின் பல். கைப்பேசிச் செயலி விரல் தொட்ட மாத்திரத்தில் பூசிக் கொடுக்கும் பல். இயற்கையில் இல்லாத ஒரு நிறத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு என் பல்லில் குறை கண்டேன்.

நம் சமுதாயத்திற்கு இது புதிதன்று. தோலின் நிறத்தில் இதே பாடத்தைப் பல தலைமுறைகளாகப் படித்துவருகிறோம். 'ஃபேர் அண்ட் லவ்லி' முகப்பூச்சு 2020இல் தன் பெயரிலிருந்து முதற்சொல்லை நீக்கிக்கொண்டது. பெயர் மாறியது, பெண் பார்க்கும் வீட்டில் கேட்கப்படும் முதற்கேள்வி மாறியதா என்பதை நீங்களே சொல்லுங்கள். வெண்மையே தூய்மை, வெண்மையே தகுதி என்ற அந்தப் பழைய எண்ணம், தோலில் சொல்லக் கூச்சமாகிவிட்ட காலத்தில் பல்லில் வந்து குடியேறுகிறதோ என்று நான் அஞ்சுகிறேன். அழகின் இலக்கணம் என்றும் ஒன்றாக இருந்ததில்லை. ஜப்பானில் பல நூற்றாண்டுகள் மணமான பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வதே அழகு. வியட்நாமிலும் அவ்வழக்கம் இருந்தது. அங்கே பிறந்திருந்தால் என் அம்மா எல்லாப் படத்திலும் வாய் நிறையச் சிரித்திருப்பார்.

அப்படியானால் பல்லை வெண்மையாக்குவதே தவறா? இல்லை. இங்குதான் சில நண்பர்களோடு நான் மாறுபடுகிறேன். இயற்கை அழகே அழகு என்று மேடையில் முழங்குவது எளிது. ஐம்பது ஆண்டுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பெண்ணிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லாத குறையை உண்டாக்கி விற்பது ஒன்று. இருக்கும் வடுவுக்கு மருந்து தருவது வேறொன்று. இரண்டுக்கும் பயன்படுவது ஒரே பசைதான் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

எட்டாவது படம்

2022இல், வேலைக்குச் சேர்ந்து கொஞ்சம் பணம் சேர்ந்த பிறகு, அம்மாவை அதே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். "இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா? உன் கல்யாணத்துக்குச் சேர்த்து வை" என்று காரில் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே சொத்தை இரண்டும் ஈறு நோயும் இருப்பது தெரிந்தது. முதல் இரண்டு மாதங்கள் அவற்றிற்கே போயின. பிறகுதான் அளவெடுத்துத் தட்டுச் செய்து, 10 விழுக்காட்டு மருந்தைக் கொடுத்தார்கள். டெட்ராசைக்ளின் கறைக்கு ஓரிரு வாரம் போதாது. பல மாதங்கள் இரவுதோறும் அணிய வேண்டும் என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார். முழுதும் போகாது, ஈறை ஒட்டிய பகுதி கடைசிவரை பிடிவாதம் பிடிக்கும் என்பதையும் மறைக்கவில்லை. வெற்று வாக்குறுதி தராத அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

அம்மா ஆறு மாதம் அணிந்தார். எப்போதாவது பல் கூசினால் ஓரிரவு விட்டுவிட்டு மறுநாள் தொடர்வார். சாம்பல் நிறம் மெல்ல மெல்ல வெளிறியது. கோடுகள் மங்கின, ஆனால் மறையவில்லை. விளம்பரத்தில் வரும் பல்லோடு ஒப்பிட்டால் இன்றும் அது மஞ்சள்தான். ஆனால் அம்மாவை மிகவும் மாற்றியது மருந்தன்று என்றே நினைக்கிறேன். "இது நீங்க பல்லு விளக்காததால வந்தது இல்லம்மா. சின்ன வயசுல குடிச்ச மருந்தால வந்தது" என்று மருத்துவர் சொன்ன அந்த நாளில், அம்மா காரில் வீடுவரை ஒன்றுமே பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "ஒங்க பாட்டி உசுரோட இருந்திருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான்.

2023இல் தம்பியின் பட்டமளிப்பு விழா. படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னபோது அம்மாவின் கை பழக்கத்தில் வாயை நோக்கிப் போனது. தம்பி அந்தக் கையைப் பிடித்துத் தன் கையோடு கோத்துக்கொண்டான். சுவரில் இப்போது எட்டுப் படங்கள். எட்டாவதில் அம்மாவின் பல் தெரிகிறது, ஈறு ஓரத்துச் சாம்பல் கோட்டோடு.

மாணவ நண்பர்களே, அடுத்த பட்டமளிப்பு விழாவுக்கு உங்களில் பலர் இப்போதே நாள் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். பல்லை வெளுத்துக்கொள்ளுங்கள் என்றோ கூடாது என்றோ சொல்ல நான் யார்? காசைக் கொடுப்பதற்குமுன் பதிவுபெற்ற ஒருவரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். அத்தோடு ஒன்று. வீட்டுக்குப் போகும்போது பழைய படங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வாயை மூடியே நிற்கும் ஒருவர் அவற்றில் இருந்தால், ஏன் என்று கேட்டு, அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.